கம்பெனி கேட்டுக்கு வெளியே உள்ள பலகையைப் படியுங்கள்

வல்லக்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சற்று நேரத்தில் ஒரு தொழிற்சாலையின் மதில் வந்துவிடும். ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், அப்போலோ டயர்ஸ், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். இத்தனை கம்பெனிகளுக்கு நடுவே வாழ்கிற நாம், ஒரு கம்பெனி பொறுப்பானதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அது கட்டிக்கொடுத்த வகுப்பறையையோ தூர்வாரிய ஏரியையோ பார்த்து முடிவு செய்கிறோம். இந்த அளவுகோல் போதாது.

‘சிஎஸ்ஆர்’ என்று எல்லோரும் சொல்லும் நிறுவன சமூகப் பொறுப்பு, தர்ம காரியம் அல்ல, சட்டக் கடமை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 50 கோடி என்றால் பங்கு ஒரு கோடி. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று மத்திய அரசு பிற்பாடு விளக்கிவிட்டது. ஊராட்சியிலிருந்து மனு கொடுத்து, வலுவாகக் கேட்டு வாங்கவேண்டிய பணம் இது.

சொந்தத் தொழிலாளர்களுக்காக மட்டும் செய்யும் செலவு இந்தக் கணக்கில் சேராது என்பதைக் கவனியுங்கள். கம்பெனியின் வழக்கமான தொழில் சார்ந்த செலவும் சேராது. கேண்டீன், கம்பெனி பஸ், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கம்பெனி எப்படியும் செய்தாக வேண்டியவை. அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும், நன்கொடையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதலில் தொழிலாளர்கள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரித்துவந்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவால் 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நெரிசலான அறைகள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறைகள். அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் இவை வெளியே வந்தன. ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது நம் பக்கத்திலேயே நிற்கிறது. வல்லம் வடகாலில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. பத்து மாடிகள் கொண்ட 13 கட்டடங்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தபோது ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். இது நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கட்டடம் எழுப்பியது அரசு நிறுவனம். உள்ளே சாப்பாடு எப்படி, தண்ணீர் வருகிறதா, உடம்பு சரியில்லாத பெண் யாரிடம் சொல்வாள் என்பதற்கெல்லாம் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். ‘அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள்’ என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்பது 1970-இலிருந்து சட்டம். சங்கம் வைக்கும் உரிமையும் கம்பெனியின் இந்தப் பொறுப்பில் அடங்கும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பகுதி ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த பூமி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பி வழிந்தால் அது செம்பரம்பாக்கத்துக்குப் போகும்; அங்கிருந்து சென்னையின் குடங்களுக்கு. ஆகவே இங்கே ஒரு ஆலை கழிவைக் கால்வாயில் விட்டால் கெடுவது இந்த ஊர் மட்டுமல்ல. பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்றும் உண்டு. கோயம்பேட்டில் 2019-இல் தொடங்கிய நிலையம் சென்னையின் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகச் சுத்திகரித்து, ஆர்ஓ முறையில் வடித்து, குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். இந்தத் தண்ணீரை வாங்கும் ஆலை அந்த அளவுக்கு நம் போர்வெல்லுக்குப் போட்டியாக வராது. ஒரு கம்பெனி மரம் நட்ட கணக்கைச் சொன்னால், குழாய்த் தண்ணீர் எவ்வளவு, நிலத்தடி நீர் எவ்வளவு என்ற கணக்கையும் கேளுங்கள். ‘சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடுவதில்லை’ என்று சொன்னால், நீரை வடித்தபின் மிஞ்சும் உப்பு எங்கே போகிறது என்று கேளுங்கள்.

கழிவுக்குத் தனிக் கணக்கு உண்டு. வண்டி செய்யும் ஆலையில் பெயிண்ட் கசடு, பாஸ்பேட் கசடு, பயன்படுத்திய எண்ணெய் எல்லாம் அபாயகரமான கழிவுகள். கசடுகளைக் கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாப்பான புதைகுழிக்கோ சிமென்ட் சூளைக்கோ, எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்கோ அனுப்ப வேண்டும். அப்படி ஏற்றும் லாரியோடு ஏழு நிறங்களில் ஏழு பிரதிகள் கொண்ட ஆவணம் இருக்க வேண்டும்: ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, ஒன்று அனுப்புகிறவருக்கு, ஒன்று பெற்றுக்கொள்கிறவருக்கு என்று. ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் லாரியிடம் இந்தத் தாள் இருக்காது. கண்ணில் பட்டால் வண்டி எண்ணைக் குறித்து, படம் எடுத்து வாரியத்துக்கு அனுப்புங்கள்.

என்னென்ன அபாயகரமான இரசாயனம் கையாள்கிறார்கள், எவ்வளவு கழிவுநீர், புகை, திடக்கழிவு வெளியேறுகிறது என்பதை ஆலையின் முதன்மை வாயிலுக்கு வெளியே பலகையில் காட்ட வேண்டும் என்று 2003 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பலகை வேலிக்கு உள்ளே இருந்தாலோ, எண்கள் அழிந்து கிடந்தாலோ, பல மாதங்களாக மாறாமல் இருந்தாலோ அதுவே ஒரு தகவல்தான்.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தண்ணீர், கழிவு, கான்ட்ராக்ட் தொழிலாளர் எண்ணிக்கை, புகார்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ராயல் என்ஃபீல்டை நடத்தும் ஐஷர் மோட்டார்ஸ், அப்போலோ டயர்ஸ் போன்றவை இதில் வரும். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் கையில் முழுமையாக இருக்கும், இங்கே பட்டியலிடாத கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவை நிறைய. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டும்.

அதுவரை வேறு வழி இருக்கிறது. இயங்குவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்ற ஒவ்வொரு ஆலையும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கையை வாரியத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆலையின் இசைவாணை நகலும் கடைசி மூன்று ஆண்டு அறிக்கைகளும் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போங்கள்.