ஊருக்கு ஏற்ற ஊதியம்: சாதி கூட்டும் வாடகை எந்தக் கணக்கில் வரும்?

பட்டியல் சாதியினர் துணைத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு, வேறு பணிகளுக்குத் திருப்பப்பட்டது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுபவர் நிதிநிலை ஆய்வாளர். அந்த இருக்கையில் நம் பிள்ளைகள் அமர வேண்டும் என்கிறோம். ஆனால் அவ்வேலை பெரும்பாலும் சென்னை, தில்லி போன்ற தலைநகரங்களில்தான் கிடைக்கிறது. அங்கே தரப்படும் ஊதியம் அங்கே வாழப் போதுமானதா?

ஊதியத்தின் மதிப்பை ஊரின் விலைவாசியே தீர்மானிக்கிறது. ஒன்றிய அரசும் இதை ஒப்புக்கொண்டுள்ளது. அகவிலைப்படி நாடு முழுவதும் ஒரே விழுக்காடுதான். வீட்டு வாடகைப்படி அப்படியல்ல. 50 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்கள், 5 முதல் 50 இலட்சம் வரையுள்ளவை, ஏனைய ஊர்கள் என மூன்று வகை வகுத்து, 2024 சனவரி முதல் அடிப்படை ஊதியத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு வழங்கப்படுகிறது. 40,000 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறுபவருக்குச் சென்னையில் 12,000, மதுரையில் 8,000, விருதுநகரில் 4,000 ரூபாய் வாடகைப்படி கிடைக்கும்.

இவ்விதி ஒன்றிய அரசு ஊழியர்களுக்கானது. தனியார் ஆய்வு நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தாது.

இன்னொன்றும் உண்டு. விலைவாசிக் குறியீடு சராசரிக் குடும்பத்தின் செலவையே அளக்கிறது. சாதி கேட்டு வீடு மறுக்கப்படுபவரின் செலவு அதில் தனியாகத் தெரிவதில்லை. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் பிறரும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, வீடு தேடிய தலித்துகளும் முஸ்லிம்களும் மறுக்கப்பட்டதையும், வீடு கிடைத்தபோதும் சிலர் நியாயமற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டதையும் பதிவு செய்தது. அலுவலகத்துக்குத் தொலைவில் வீடு பிடித்தால் வாடகை குறையலாம். ஆனால் பயணச் செலவும் நேரமும் கூடும். நகரில் சொந்த வீடுள்ள குடும்பத்துப் பட்டதாரிக்குச் சேமிப்பாக மாறும் அதே ஊதியம், முதல் தலைமுறைப் பட்டதாரியை, ஊருக்குப் பணம் அனுப்பிய பின், கடனில் தள்ளக்கூடும்.

இதன் விளைவு தனிமனிதரோடு முடிவதில்லை. குறைந்த ஊதியத்தைத் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே அப்பணியில் நீடிப்பார்கள். நமக்கான நிதியின் கணக்கையும் அவர்களே எழுதுவார்கள்.

ஆகவே, ஆய்வு நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே ஊதியத்தையும் பணியிடத்தையும் வெளியிட வேண்டும். வாடகைப்படியைத் தனியே தர வேண்டும். வெளியூரிலிருந்து வருபவருக்கு வீட்டு முன்பணத்தை முன்கூட்டியே வழங்க வேண்டும். சமூகநீதி பேசும் அமைப்புகள் இதில் முன்மாதிரியாக நிற்க வேண்டும் என்று கோருகிறோம்.