கோழிக் கூண்டுக்குள் பெய்யும் மழை

செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் குளிர்காலம் என்று சொல்லப்படுவது, ஐப்பசி மழையில் தொடங்கி மார்கழிப் பனியில் முதிர்ந்து தை முடிவதற்குள் அடங்கிவிடும் காலமாகும். அதன் வழக்கமான இரவுகளில் வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மனிதர்களைக் காதுக்கு மப்ளர் தேட வைக்கும் இந்தக் குளிர், 41 டிகிரி உடல் வெப்பமும் அதன்மேல் இறகுப் போர்வையும் கொண்ட வளர்ந்த கோழிக்கு ஏறக்குறைய இதமான நிலையே. ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை பெறும் இப்பகுதியில் அதில் பாதிக்கும் மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுவதால், புறக்கடைக் கோழியின் சிக்கல் ஈரத்தில்தான் இருக்கிறது. குளிர் என்று எண்ணிக் கூண்டின் நான்கு பக்கமும் சாக்கையும் தார்ப்பாயையும் கட்டி மூடிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கோழிக்குக் கேடு செய்வதில் மழைக்கு அடுத்த இடத்தை இந்த மூடலுக்கே தரவேண்டும்.

கூண்டுக்குள் சேரும் நீரில் ஒரு பங்கு கூரை ஒழுக்காலும் சாரலாலும் வருவது. எல்லோர் கண்ணிலும் படுவது இதுதான். கண்ணில் படாத மற்றொரு பங்கைக் கோழிகளே கொண்டுவருகின்றன. பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கின்றன என்று கொண்டால், அதில் முட்டையோடு போவது சிறு பங்கே; மீதமெல்லாம் எச்சத்திலும் மூச்சிலும் வெளியேறியாக வேண்டும். கோழிக்குத் தனியே சிறுநீர் கிடையாது என்பதாலும், புது எச்சத்தில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் நீரே இருக்கும் என்பதாலும், அந்தி சாய்ந்து கோழிகள் அடைந்தது முதல் விடியும்வரை கூண்டுக்குள் ஓசையில்லாத ஒரு மழை பெய்துகொண்டே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த ஈரம் எங்கே போகிறது என்பதைக் காற்றின் கொள்ளளவு முடிவு செய்கிறது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராமைத்தான் தாங்கும். குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம் எனப்படுகிறது. கடலோரத்தில் கார்த்திகை, மார்கழிக் காலை வேளைகளில் அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம் ஆகையால், வெளிக்காற்றிலேயே இடம் குறைவு. மூடிய கூண்டுக்குள் கோழிகளின் மூச்சால் அந்தக் குறைந்த இடமும் நிரம்பிவிட, மிஞ்சிய நீராவி தன்னைவிடக் குளிர்ந்த பரப்பைத் தேடி அங்கே நீராகப் படிகிறது. தகரக் கூரைக்கு இது மிகவும் வாய்ப்பான காலம்: மேகமில்லாத மார்கழி இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோவதால், அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, மடிப்புகளின் வழியே வழிந்து, குறுக்குக் கம்பில் அடைந்திருக்கும் கோழிகளின் முதுகில் சொட்டுகிறது. மழையே பெய்யாத இரவிலும் விடியற்காலையில் கூண்டின் தரையில் வரிவரியாக ஈரக்கோடுகள் தென்பட்டால், அவை கூரை மடிப்புகளின் நிழற்படம் என்று கொள்ளலாம். கீற்றும் பனையோலையும் வேய்ந்த கூரை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் இந்தச் சொட்டு அதில் நேர்வதில்லை. தகரத்தை மாற்ற இயலாதோர் அதன் அடியில் இடைவெளி விட்டு ஒரு கீற்றுத் தட்டியைக் கட்டினாலே போதுமானது.

ஆகவே காற்று வெளியேறும் வழி கூரையை ஒட்டி, கோழியின் தலைக்கு மேலே இருக்கவேண்டும். வெதுவெதுப்பான ஈரக்காற்று இலேசானதாகையால் தானே மேலேறி அவ்வழியே போய்விடும். அடைந்திருக்கும் கோழியின் மீது நேராக வாடைக்காற்று அடிப்பதும் இதனால் தவிர்க்கப்படும். பூவரச மரத்திலும் முருங்கையிலும் ஏறி அடையும் நாட்டுக்கோழிகள், மூடிய கூண்டிலிருக்கும் கோழிகளைவிடச் சில வேளைகளில் நலமாக இருப்பதன் காரணமும் இந்தக் காற்றோட்டமே. அதற்காக மரநாயும் பாம்பும் உள்ள ஊரில் கோழியை மரத்தில் விட்டுவிடுமாறு எவரும் பரிந்துரைக்கப்போவதில்லை.

ஈரம் தானாக யாரையும் கொல்வதில்லை. அது நுண்ணுயிர்களுக்கு வாழ்வு கொடுக்கிறது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். தரை காய்ந்திருந்தால் அது அப்படியே கிடக்கும். ஈரமாக இருந்தால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து, கண்ணைக் கரிக்கும் அமோனியா வாயுவாக மாற்றிவிடும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு என்ற அளவை இவ்வாயு தாண்டக்கூடாது என்பது கோழி வளர்ப்பில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை அமோனியா முடக்கிவிடுகிறது. பத்து லட்சத்தில் வெறும் 20 பங்கு அமோனியாவை 72 மணி நேரம் சுவாசித்த கோழிகள் நியூகாசில் நோய்க்கு எளிதில் ஆளாயின என்று 1964-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நோய்க்கே இந்தியாவில் ராணிக்கெட் என்றும், தமிழ்நாட்டு ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்றும் பெயர். நெடி இருக்கிறதா என்று அறிய நின்றபடி மோந்து பார்ப்பதில் பயனில்லை. மனிதன் மூச்சு விடுவது ஐந்தடி உயரத்தில், கோழி மூச்சு விடுவதோ எச்சத்துக்கு மேலே அரையடியில். விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தரையருகே கொண்டுபோனால் உண்மை தெரிந்துவிடும்.

ரத்தக் கழிச்சல் இதனினும் நேரடியானது. ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, தடித்த உறையுள்ள நுண்ணிய முட்டை நிலையில் எச்சத்தோடு வெளியேறுகிறது. அந்நிலையில் அதனால் தொற்ற முடியாது. ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் ஒன்றிரண்டு நாள் கிடைத்தால்தான் அது முதிர்ந்து, வேறொரு கோழி கொத்தி விழுங்கும்போது குடலைத் தாக்கும் ஆற்றல் பெறும். பனி உறையும் நாடுகளில் குளிர் இந்த முதிர்ச்சியை மட்டுப்படுத்திவிடும். கார்த்திகையிலும் பகல் வெப்பம் 28, 29 டிகிரியைத் தொடும் மாமல்லபுரத்தில் குளிரிடமிருந்து அந்த உதவியை எதிர்பார்க்க இயலாது. இங்கே அதைத் தடுக்கக்கூடியது உலர்ந்த தரை ஒன்றே.

தரையை உலர்வாக வைக்க உதவும் முறைக்கு ஆழ்கூளம் என்று பெயர். கடலைத் தொலி, நெல் உமி, மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு போன்றவற்றைத் தரையில் பரப்பி, எச்சத்தை அதிலேயே விழவிட்டு, அடிக்கடி கிளறி, மேலே சிறிது சிறிதாகப் புதுக் கூளம் சேர்த்து, அரையடி உயரம்வரை வளர்த்துக்கொண்டு போவது இதன் வழி. 1940-களில் அமெரிக்காவின் ஓஹியோ வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்டு, சேம்பர்லின் ஆகியோர் பழங்கூளத்தை அள்ளி எறியாமல் வைத்துக்கொள்வதன் நன்மைகளை ஆராய்ந்து வெளியிட்டபின் இம்முறை உலகெங்கும் பரவியது. கூளத்துக்குள் வாழும் நுண்ணுயிர்கள் எச்சத்தை மக்கவைத்து இளஞ்சூட்டை உண்டாக்க, அச்சூடு ஈரத்தை ஆவியாக்குகிறது. ஆனால் நுண்ணுயிர்கள் பெருகச் சுமார் இரண்டு மாத வறண்ட காலம் வேண்டும். முதல் மழையைக் கண்டபின் ஐப்பசியில் ஓடிப்போய் உமி வாங்கிக் கொட்டுவோருக்கு, ஆழ்கூளத்துக்குப் பதிலாக ஆழ்சேறுதான் கிடைக்கும்; வேலையைத் தொடங்கவேண்டியது சித்திரை, வைகாசி வெயிலில்.

கூளத்தின் ஈரம் 20 முதல் 25 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்கும்போது, கொழுக்கட்டைபோல விரல் தடத்தோடு நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. இலேசாகச் சேர்ந்து, விரலை அசைத்தவுடன் உதிர்ந்தால் பக்குவம் சரி. சிறிதும் சேராமல் தூசியாகப் பறந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. தண்ணீர்த் தட்டைச் சுற்றிலும் கூளம் பத்தை பத்தையாகக் கட்டியிருந்தால் அதை வெட்டி வெளியே எடுத்துவிடவேண்டும். அதன்மேல் புதுத் தொலியைக் கொட்டி மூடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போன்றது. அடுப்புச் சாம்பலை ஈரக் கூளத்தின்மீது தூவுவதும் பலருக்குக் கைவந்த வழக்கம். சாம்பல் காரத்தன்மை உடையது, கார நிலையில் அமோனியா மேலும் விரைவாக வெளிப்படும். சாம்பலுக்கு உரிய இடம், பேன் போகக் கோழி புழுதி குளிக்கும் உலர்ந்த மூலை.

கடலோரத்துக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலைப் பொதுவான கையேடுகள் பேசுவதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்புச் சாடி அடியில் நீர் தேங்குவது இதனால்தான். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் எளிதாகக் கிடைக்கிறதென்று கடல் மணலைக் கூண்டுக்குள் பரப்பினால், அம்மணலில் படிந்த உப்பு ஈரக்காற்றிலிருந்து நீரை இழுத்து, மழை விட்ட பின்னும் தரையை நசநசவென்று வைத்திருக்கும். உப்பு தீவனத்தின் வழியாகவும் நுழைகிறது: கருவாட்டுத் தலையும் வாலும் நல்ல புரதம் என்று கோழிக்குப் போடப்பட்டால், அதிலுள்ள உப்பைக் கழிக்கக் கோழி கூடுதலாகத் தண்ணீர் குடித்து, எச்சத்தை நீராகவே போடும். கூரையில் ஓட்டை தேடுவதற்கு முன் தீவனத் தட்டைப் பார்க்கவேண்டிய ஊர்கள் இவை.

உள்நாட்டுப் பக்கம் சிக்கல் தலைகீழானது. கடற்கரை மணலில் மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். மதுராந்தகம் போன்ற ஏரிப் பாசனப் பகுதிகளின் களிமண்ணிலோ நீர் தேங்குவதோடு, மண்ணின் நுண்துளைகள் வழியே மேல்நோக்கியும் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்ற இந்த ஏற்றத்தைத் தடுக்க, தரையை ஒன்றரை அடி உயர்த்தி, மேல்தளத்துக்கு அடியில் கனமான பாலித்தீன் தாளை விரித்துவிடுவது நலம். கருங்கல் கால்களின்மேல் நிற்கும் மரக்கூண்டுக்கு இத்தொல்லை இல்லை.

சாரலுக்கு வருவோம். கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையவேண்டும் என்ற விதி வெயிலைக் கருதியது; பருவமழையில் அதே அமைப்பு வடக்கு முகத்தை வாடைக்குத் திறந்து வைக்கிறது. எனவே அப்பக்கத்துக் கூரை மூன்றடியாவது வெளியே நீளவேண்டும். படுதாவையும் மேலிருந்து தொங்கவிடாமல், கீழ்ச்சுவரில் பிணைத்து மேல்நோக்கி இழுத்துக் கட்டினால், சாரல் நிற்கும், மேலே ஓரடி காற்றுக்கும் திறந்திருக்கும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தையொட்டிக் கரையைக் கடந்ததைப் போன்ற இரவுகளில் இந்த ஏற்பாடெல்லாம் செல்லாது. மழை கிடைமட்டமாக அடிக்கும்போது, கோழிகளைக் கூடையில் அடைத்து வீட்டுத் திண்ணைக்கோ உள்ளறைக்கோ கொண்டுபோவதே வழி. இறகு முளைக்காத குஞ்சுகளுக்குச் சாதாரண மழை இரவே புயல்தான்: முதல் வாரத்தில் 35 டிகிரி சூட்டை வேண்டும் அவை, நனைந்துவிட்டால் தம் உடலை மீண்டும் சூடாக்கிக்கொள்ள மாட்டா.

காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் செங்கல்பட்டு மாவட்டத்தில் புறக்கடைக் கோழி வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறது. மழை ஓய்ந்து தை பிறந்தபின் கூளத்தை அள்ளி, தர்பூசணிக் கொல்லைக்கோ காய்கறிப் பாத்திக்கோ எருவாகப் போடலாம். உலர்வாகக் காக்கப்பட்ட கூளத்தில் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடாமல் பெரிதும் தங்கியிருக்கும். அடியில் ஓரிரு அங்குலம் பழங்கூளத்தை விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக் கூளத்துக்கு அது தயிர் உறைமோர் போலப் பயன்படும். அவ்வாண்டு கூண்டில் ரத்தக் கழிச்சல் கண்டிருந்தால் மட்டும் எதையும் மிச்சம் வைக்காமல் வழித்தெடுத்து, தரையைச் சுண்ணாம்பு பூசி வெயிலில் காயவிடவேண்டும்.