பிரசவ வார்டுக்குள் வரும் முதல் டப்பா

2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கேரளத்தை உலகின் முதல் ‘குழந்தை நேய மாநிலம்’ என்று அறிவித்தன. தாய்ப்பாலுக்கு முதலிடம் தரும் மருத்துவமனைகளுக்காகக் கிடைத்த பட்டம் அது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தின் பிரசவங்களில் 99.8 சதவீதம் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அப்படியிருந்தும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55.5 சதவீதம்தான். நாட்டின் சராசரி 63.7. எல்லை ஊரான களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே.

வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லாத மாநிலத்தில், பால்பொடி டப்பா எங்கே உள்ளே நுழைகிறது? பெரும்பாலும் பிரசவ வார்டிலேயே, முதல் மூன்று நாட்களில். அதே ஆய்வின்படி கேரளத்தில் நூற்றுக்கு 39 பிரசவம் சிசேரியன். தாய் மயக்கம் தெளிந்து, வலியோடு ஒருக்களித்துப் படுக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் துணைக்கு வந்த பாட்டியும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள்: “பால் வரல்லியே, பிள்ள அழுதே, ஒரு டப்பா வாங்கிக் குடு.” யாரோ மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள்.

அந்த நேரத்தில் தாயிடம் பால் இல்லாமல் இல்லை. முதல் நாளில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சீம்பால்தான். நோய் எதிர்ப்புப் பொருள் செறிந்த அந்தப் பால் அவ்வளவே சுரக்கும், அவ்வளவே போதும். பால் பெருகி வர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். இதற்கிடையில் பிள்ளையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. பத்து சதவீதத்தை நெருங்கினால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும். பிள்ளை சப்பச் சப்பத்தான் சுரப்பும் கூடும். ஒரு புட்டி நிறையப் பொடிப்பாலைக் குடித்த பிள்ளை மூன்று மணி நேரம் தூங்குகிறது. அத்தனை நேரமும் மார்பில் யாரும் சப்புவதில்லை. ஐந்தாம் நாள் உண்மையிலேயே பால் பற்றாமல் போகிறது. தேவையில்லாமல் வந்த டப்பா தனக்கான தேவையைத் தானே உண்டாக்கிக்கொள்வது இப்படித்தான். கேரள எல்லையோரத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

இந்த ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் மாநிலம் மாறுகிறாள். கேரளத்தில் ஆஷா பணியாளர் 42 நாளுக்குள் ஆறு முறை வீடு வந்து பார்க்க வேண்டும். தமிழகப் பக்கம் அது கிராம சுகாதாரச் செவிலியரின் பொறுப்பு. கர்ப்பகாலம் ஒரு பக்கம், பேறு மறுபக்கம் என்றாகும்போது இரண்டு பட்டியலிலும் அவள் பெயர் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். பால் கட்டி, காம்பு வெடித்து, குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தவிக்கும் முதல் இரண்டு வாரத்தில் கேட்க ஆளில்லை. டப்பா மட்டும் எல்லைக்கு இருபுறமும் கிடைக்கிறது.

செலவைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பால்பொடி மட்டுமே கொடுத்து வளர்த்தால் ஏறத்தாழ 20 கிலோ வேண்டும். அதாவது 400 கிராம் டப்பா ஐம்பது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் விலையை ஐம்பதால் பெருக்கிவிட்டு, பாலராமபுரத்தில் தறி நெய்யும் குடும்பத்தின் வரவோடு வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான பொடிகளுக்கு 30 மில்லி தண்ணீருக்கு மட்டமாக ஒரு கரண்டி என்பது கணக்கு. மாதக் கடைசியில் அதே ஒரு கரண்டி 60 மில்லிக்குப் போகிறது. பால் வெள்ளையாகத்தான் தெரியும், பிள்ளையும் குடிக்கும். ஆனால் எடை ஏறாது. அதிகத் தண்ணீரால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரவும் கூடும்.

தண்ணீர் அடுத்த ஆபத்து. 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் ஒரு காப்பகத்தில் இருந்தவர்களுக்குக் காலரா உறுதி செய்யப்பட்டது. கிணறும் கக்கூஸ் குழியும் அடுத்தடுத்து இருக்கும் நான்கு சென்ட் வீடுகளில் மழைக்காலத் தண்ணீரை நம்ப முடியாது. பால்பொடியும் கிருமியற்ற பொருள் இல்லை. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பொடியிலும் உயிரோடிருக்கும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பால்பொடி ஆலை இதனால் மூடப்பட்டு, நாடு முழுவதும் தட்டுப்பாடு வந்தது. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையும் முன்பே, அதாவது இறக்கி அரைமணிக்குள், பொடியைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீர் இதற்கு உதவாது. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக் கூடாது. குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

பொன்னும் வயம்பும் (வசம்பு) தேனில் உரைத்து நாக்கில் தடவும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

தாய் இறந்துபோன பிள்ளைக்கும், புற்றுநோய் மருந்து எடுக்கும் தாயின் பிள்ளைக்கும் பொடிப்பால் உயிர் காக்கும்; பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பிறவிக்குறை உள்ள பிள்ளைக்கு அந்தச் சர்க்கரை இல்லாத தனிப் பொடி உயிர் காக்கும். அதைக் கொடுக்கும் தாயைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. கண்டிக்க வேண்டியது காரணம் சொல்லாமல் டப்பாவை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால்பொடிக்கு விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும், விற்பனைக்காக மருத்துவப் பணியாளருக்குப் பரிசு தருவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன், பிள்ளை பால் குடிப்பதை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு தடவை நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். டப்பா வாங்கச் சொன்னால், என்ன காரணம், எத்தனை நாளைக்கு என்று சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.