பழைய மரத்தில் ஒரு பரண் கொட்டில்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் வீடுகள் எழும்போது, உத்தரம், கைமரம், ரீப்பர், ஓடு ஆகியவை பழைய மரக்கடைகளில் வந்து குவிகின்றன. பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு வளர்க்கும் சிறு விவசாயிக்குத் தேவையான கொட்டிலின் பெரும்பகுதி அந்தக் குவியலுக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும், எந்தப் பொருள் ஆட்டின் காலுக்கும் வாய்க்கும் எட்டும், எது எட்டாத உயரத்தில் நிற்கும் என்று பார்த்தே பழைய பொருளைத் தரம் பிரிக்க வேண்டும்.

அந்த வகையில் முதலிடம் தரைக்கே உரியது. புழுக்கையும் சிறுநீரும் ஊறிய மண்தரையில் எழும் அம்மோனியா ஆட்டின் மூச்சுக்குழாயைத் தாக்குவதோடு, குட்டிகளுக்கு இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி பரவவும், குளம்பு அழுகவும் அந்த ஈரமே காரணமாகிறது. ஆகவே, கழிவு தானாகக் கீழே விழும்படி, நிலத்துக்கு 3 முதல் 4 அடி உயரத்தில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கும் பரண் தரை பரிந்துரைக்கப்படுகிறது. இடைவெளி சுமார் 1.5 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. குறைந்தால் புழுக்கை சிக்கிக்கொள்ளும், கூடினால் குட்டியின் கால் நுழைந்து முறியும்.

பெரும்பாலும் நல்ல மரம் கூரைக்குப் போய்விட, கழிந்த மரம் தரைக்கு வந்து சேர்கிறது. இது தலைகீழான வழக்கம். ஒழுகும் ஓட்டை மறுநாளே மாற்றிவிடலாம், ஆனால் உளுத்த சட்டம் ஒன்று இரவில் முறிந்தால் சினையாட்டின் கால் போய்விடும். ஒவ்வொரு சட்டத்தையும் உளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை மெத்தென்று இறங்கினால் அது விறகுக்கே ஆகும். பனஞ்சட்டமாயின், கருத்த நார்கள் நெருங்கி வைரம் பாய்ந்த வெளிப்புறம் மேலே இருக்குமாறு இட வேண்டும், ஏனெனில் உட்புறச் சோறு ஈரத்தில் விரைவில் இற்றுவிடும். பழைய ஆணியை அடித்து மடக்கிவிடுவது போதாது. மரம் காய்ந்து சுருங்கச் சுருங்க அதன் தலை மேலெழுந்து குளம்பையும் மடியையும் கிழிக்கும் என்பதால், அதை முழுவதும் பிடுங்கியாக வேண்டும்.

வண்ணம் பூசிய பழைய கதவுகளைத் தடுப்பாக வைப்பதில் மறைந்திருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. ஆடு மரத்தைக் கரம்பும் பழக்கமுடையது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தும் இந்திய அரசு விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். சுரண்டினால் நச்சுத் தூசு எழும் என்பதால், அத்தகைய கதவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. நுரையீரலுக்குக் கேடு செய்யும் இழைகளைக் கொண்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் அறுத்துப் பொருத்தலாகாது.

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி என்று கொண்டால், பன்னிரண்டு ஆடுகளுக்கு 18 அடி நீளமும் 8 அடி அகலமும் போதும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் காலை மாலை வெயில் உள்ளே குறையும். கூரைக்கு, 1860-களில் பாசல் மிஷனார் மங்களூரில் உற்பத்தியைத் தொடங்கிய சீமை ஓடு மிகவும் உகந்தது. கோடையில் அது தகரத்தைப் போல் உள்ளே கனலை இறக்காது. ஆனால் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை ஓட்டின் அளவும் பள்ளமும் சற்றே மாறுபடுவதால், ஓட்டில் பதிந்திருக்கும் முத்திரையைப் பார்த்து இனம் பிரித்து அடுக்கியபின், அந்த அளவுக்கேற்ப ரீப்பர் அடிப்பதே முறை. கலந்து போட்ட கூரை முதல் மழைக்கே ஒழுகும்.

தரைச் சட்டங்களை உத்தரத்தோடு சேர்த்து நிலையாக அடித்துவிடாமல், ஒருவர் தூக்கக்கூடிய சிறு தட்டுகளாகப் பிணைத்து மேலே படியவைத்தால், அவற்றை வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயவைக்கவும், இற்றுப்போன ஒரு தட்டை மட்டும் மாற்றவும், கீழே சேர்ந்த எருவை மேலிருந்தே அள்ளவும் முடிகிறது.