நீக்கப்பட்ட குழந்தை, சேர்க்கப்பட்ட உரையாடல்

2024 செப்டம்பரில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் வலைப்பதிவில் மனக்குறை ஒன்றைக் கொட்டித் தீர்த்தார். கொஞ்ச நேரத்திலேயே பதிவு காணாமல் போனது. அதற்குள் படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டார்கள். எச்பிஓவின் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரில், தன் கதையிலிருந்து ஒரு குழந்தையை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய குறை. டிராகன்கள் மோதிக்கொள்ளும் கதையில் ஒரு குழந்தை குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

அந்தக் குழந்தையின் பெயர் மேலோர். 2018இல் வெளிவந்த ‘ஃபயர் அண்ட் பிளட்’ நூலில் ராணி ஹெலெய்னாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவை இரட்டைகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கடைக்குட்டி மேலோருக்கு இரண்டு வயது. பழிவாங்க ஏவப்பட்ட இரண்டு பேர் அரண்மனைக்குள் புகுந்து, ஆண்பிள்ளைகள் இருவரில் யார் சாக வேண்டும் என்பதைத் தாயின் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள். மன்றாடிப் பார்த்தவள் கடைசியில் சின்னவனின் பெயரைச் சொல்கிறாள். அதைச் சின்னவனின் காதிலும் போட்டுவிட்டு, மூத்தவனின் தலையை வெட்டுகிறார்கள். பிழைத்துக்கிடந்த பிள்ளையின் முகத்தை அதன்பின் அவளால் பார்க்கவே முடியவில்லை.

தொடரில் மேலோர் பிறக்கவே இல்லை. எனவே தூங்கும் இரட்டையரில் எது பையன் என்று மட்டும் கேட்கிறார்கள், அவள் காட்டுகிறாள். காட்சியில் கோரத்துக்குக் குறைவில்லை. தாயை ஆயுளுக்கும் அரிக்க வேண்டிய குற்றவுணர்வுதான் போய்விட்டது. மார்ட்டின் சொன்னபடி, தயாரிப்புத் தரப்பின் காரணங்கள் பட்ஜெட்டும், இரண்டு வயதுக் குழந்தையை வைத்துப் படமெடுப்பதன் சிரமமும். நியாயமான காரணங்கள்தான். ஆனால் நூலில் மேலோரின் சாவு பின்னால் தாயின் தற்கொலைக்கும், அது தலைநகரில் கலவரத்துக்கும் வழிவிடுகிறது. ஒரு நூலை உருவினால் எத்தனை தையல் பிரியும் என்பதுதான் அவருடைய கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்ட்டினே 1980களில் தொலைக்காட்சிக்கு எழுதியவர். திரைக்கதை நீளம், செலவு அதிகம் என்று அங்கே ஓயாமல் கேட்டுச் சலித்தவர், பட்ஜெட்டே இல்லாத இடத்தைத் தேடி நாவலுக்குத் திரும்பினார். 1996இல் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வந்தது. எத்தனை கோட்டை, எத்தனை ஆயிரம் வீரர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தாளுக்குத்தான் செலவு. 2011இல் அதுவே ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரானபோது பழைய கணக்குகள் திரும்ப வந்து நின்றன. முக்கியப் பாத்திரமான டிரியன் தலையில் அடிபட்டு மயங்கிவிழ, முதல் சீசனின் பெரிய போர் ஒன்று காட்டாமலேயே முடிந்துபோனது. நாவலில் அவன் அந்தப் போரில் சண்டையிடுகிறான். பின்னொரு போரில் மூக்கையே இழக்கிறான்; திரையில் ஒரு தழும்போடு தப்பித்தான். ஒவ்வொரு காட்சியிலும் நடிகரின் மூக்கைக் கிராபிக்ஸில் அழித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

வயது விஷயத்தில் வேறு வழியே இருக்கவில்லை. நாவல் தொடங்கும்போது முக்கியப் பாத்திரங்களில் டேனேரிஸுக்கு 13 வயது, ஜானுக்கும் ராபுக்கும் 14. படுக்கையறைக் காட்சிகளில் சிறார்களை நடிக்கவைக்கச் சட்டம் இடந்தராது, தரவும் கூடாது. எல்லோருக்கும் சில வயது கூட்டினார்கள். அதற்கேற்ப, கதைக்கு முந்தைய கிளர்ச்சியும் 17 ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாகத் தள்ளிப்போனது.

இதைவிடச் சிக்கலானது, கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. மார்ட்டினின் இந்த வரிசை நாவல்களில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் நடக்கிறது. அந்தப் பாத்திரம் இல்லாத அறைக்குள் வாசகர் நுழைய முடியாது. மன்னர் ராபர்ட்டுக்கு அத்தியாயமே கிடையாது. முதல் நாவலில் ராணி செர்சிக்கும் இல்லை. ஆகவே அந்தத் தம்பதி தனிமையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியாது. கேமராவுக்கு அந்தத் தடை கிடையாது. முதல் சீசனில் சில எபிசோடுகள் நீளம் குறைந்துபோக, இட்டுநிரப்பப் புதுக் காட்சிகள் எழுதினார்கள். அவற்றில் ஒன்றில் ராபர்ட்டும் செர்சியும் மதுக்கோப்பையோடு உட்கார்ந்து, தங்கள் செத்துப்போன கல்யாணத்தைப் பற்றிச் சண்டைகூடப் போடாமல் பேசுகிறார்கள். நமக்குள் எப்போதாவது ஏதாவது இருந்திருக்க முடியுமா என்று அவள் கேட்கிறாள்; அவர் இல்லை என்கிறார். அந்தச் சில நிமிடங்களில் செர்சி வெறும் வில்லியாக இருப்பது முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் இல்லாத இந்தக் காட்சியை அந்த சீசனின் ஆகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாகவே வைப்பேன்.

இரண்டாம் சீசனில் சிறுமி ஆர்யாவை, நாவலில் அவள் பணிசெய்யும் பிரபு ரூஸ் போல்டனிடமிருந்து பிரித்து, டைவின் லானிஸ்டருக்கு மது ஊற்றும் பெண்ணாக ஆக்கியதும் இதே வகை. எதிரியின் மகள் என்று தெரியாமலே கிழவர் அவளை மெச்சுகிறார். டைவினாக சார்லஸ் டான்ஸும் ஆர்யாவாக மெய்சி வில்லியம்ஸும் எதிரெதிரே உட்கார்ந்தால் போதும், போர்க்களம் தேவைப்படவில்லை.

எல்லாம் இப்படி அமையவில்லை. நாவலில் கொடூரன் ராம்ஸேவுக்குக் கட்டிவைக்கப்படுபவள், ஆர்யா என்ற பொய்ப்பெயரில் அனுப்பப்படும் ஜெய்ன் பூல், ஆர்யாவின் அக்கா சான்சாவின் பால்யத் தோழி. 2015இல் வந்த ஐந்தாம் சீசன் ஜெய்னை விட்டுவிட்டு, அந்த இடத்தில் சான்சாவையே வைத்தது. ரசிகர்களுக்குத் தெரிந்த முகம் துன்பப்பட்டால் பதற்றம் கூடும் என்பது கணக்கு. கூடியது உண்மை. ஆனால் சான்சாவைத் தன் துருப்புச்சீட்டாகப் பொத்திவைத்திருந்த சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கர், ராம்ஸே எப்படிப்பட்டவன் என்று விசாரிக்காமலா அவளை ஒப்படைப்பான்? வலையில் எல்லா இழையையும் அறிந்தவனை அந்த ஒரு திருப்பத்துக்காக முட்டாளாக்கினார்கள். செர்சி காட்சி பாத்திரத்தின் குணத்திலிருந்து பிறந்தது. இது காட்சி வேண்டும் என்பதற்காகக் குணத்தை வளைத்தது.

அதன்பின் தழுவல் என்ற பேச்சே தேய்ந்துவிட்டது. ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது. ஆறாவது வராததால் தொடர் நாவலைத் தாண்டி ஓடியது. முடிவின் சில முக்கியத் திருப்பங்களை மட்டும் மார்ட்டின் சொல்லியிருந்தார், மிச்சத்தைத் திரைக்கதையாசிரியர்களே கட்டினார்கள். 2019இல் கடைசி சீசனைப் பார்த்து ரசிகர்கள் பொங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

தொடரை மட்டும் பார்த்தவர்கள் மூன்றாம் நாவலான ‘எ ஸ்டார்ம் ஆஃப் சுவோர்ட்ஸ்’ கிடைத்தால் அதன் பின்னுரையை மட்டுமாவது வாசித்துப் பாருங்கள். நீங்கள் நன்கறிந்த ஒருவர், தொடர் அடியோடு விட்டுவிட்ட ஓர் உருவத்தில், அங்கே வருகிறார். யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை.