கணக்காய்வாளர் தலைமை அதிபதியும் அவர்தம் கடமையும்

எமது கல்லூரியிற் கற்று வெளியேறியோருள் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் எத்தனை பேரென்று எண்ணுதல் எளிதன்று. கச்சேரியும் திறைசேரியும் புகையிரதப் பகுதியும் ஒரு காலத்தில் எம்மவரால் நிறைந்திருந்தன. அவருள்ளே கணக்காய்வுப் பகுதிக்குப் போனவர்களை மாத்திரம் ஊரார் சற்றே விலக்கி வைத்திருந்தனர். 'ஓடிற்' உத்தியோகத்தன் கலியாண வீட்டுக்கு வந்தாலும் பந்தலிற் கட்டிய வாழைகளை எண்ணிப் பார்ப்பான் என்பது அக்காலத்துப் பரிகாசம். நாமும் அப்பகுதியிலே பல்லாண்டு உழைத்தோமாதலின் அப்பரிகாசம் எமக்குப் பழகிப் போயிற்று.

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, அப்பகுதியின் தலைவராகிய கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் பதவியைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே அப்பதவியிலிருந்தவர் இளைப்பாறினார். அவ்வாண்டு முடியும்வரை அவ்விடத்துக்கு நிரந்தரமாக ஒருவரும் நியமிக்கப்படவில்லை. இடையிற் பதிற்கடமை பார்த்தவரின் காலமும் டிசெம்பர் மாதத்தில் முடிந்துவிட, நாற்காலி வெறுமையாயிற்று. இதைப்பற்றி மாணவர் சிலருடன் பேசிக்கொண்டிருந்தபோது, "ஒரு கணக்கர் இல்லாவிட்டால் என்ன ஐயா? கந்தோரில் வேறு கணக்கர்கள் இருக்கிறார்கள்தானே?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் வணிகப் பிரிவு மாணவர். அவருக்கு அன்று நாம் சொல்லிய மறுமொழி போதாதென்று பின்னர் எமக்கே தோன்றியது. அதன் மீதி இது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணக்காய்வாளர் தலைமை அதிபதி கணக்கு எழுதுபவர் அல்லர். அரசாங்கத்தின் கணக்கைத் திறைசேரியும் திணைக்களங்களும் எழுதுகின்றன. ஒவ்வோர் அமைச்சின் செயலாளரும் தம் அமைச்சின் செலவுக்குப் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர் என்ற பெயராற் பொறுப்பாளியாவார். அவர்கள் எழுதியதை, அவர்களின் கீழ் வேலை செய்யாத ஒருவர் படித்துப் பார்த்து, இது மெய், இது மெய்யன்று, இதற்குச் சான்று இல்லை என்று பாராளுமன்றத்துக்குச் சொல்லுதலே கணக்காய்வு. எழுதியவரே சரிபார்த்தால் அதற்கு வேறு பெயர். ஆகவே மாணவர் சொன்னபடி கந்தோரிலுள்ள கணக்கர்கள் எத்தனை பேராயினும் அவ்விடத்தை நிரப்பார். அவர்கள் பார்க்கப்படுவோர், அவர் பார்ப்பவர்.

இவ்வேறுபாடு எளிதிற் பிறந்ததன்று. இலங்கையில் இப்பதவியின் வரலாறு 1799ஆம் ஆண்டிலே, நோர்த் தேசாதிபதியின் காலத்தில் தொடங்குகின்றது. அன்று கணக்கு வைத்தலும் கணக்கு ஆய்தலும் ஒரே பதவியில் இணைந்திருந்தன. இங்கிலாந்திலேயே இவை தெளிவாகப் பிரிந்து, ஆய்வாளர் பொதுமக்கள் சபைக்கு அறிக்கை செய்யும் முறை நிலைபெற்றது கிளாட்ஸ்ரன் நிதியமைச்சராயிருந்தபோது, 1866ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாம். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1861இல், அவ்வறிக்கைகளைப் படித்து வினவுதற்கு அச்சபை ஒரு குழுவையும் அமைத்திருந்தது. ஆய்வாளர் எழுதுவதும் குழு வினவுவதுமாகிய இந்த இரட்டை மாட்டு வண்டியே பின்னர் இங்கும் வந்து சேர்ந்தது.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில் இலங்கையர் ஒருவர் முதன்முறையாக இப்பதவியில் அமர்ந்தார். அவர் ஒலிவர் குணதிலக. பின்னாளில் 1954 முதல் 1962 வரை மகாதேசாதிபதியாயிருந்த அவரை நாட்டார் பலவற்றால் நினைவுகூர்வர். கணக்காய்வாளராயிருந்ததை நினைப்போர் சிலரே.

1946ஆம் ஆண்டுச் சோல்பரி அரசியற்றிட்டம் இப்பதவிக்கு வேலியிட்டது. நன்னடத்தையுள்ளவரை பதவியிலிருப்பார் என்றும், நீக்க வேண்டுமாயின் செனற்சபையும் பிரதிநிதிகள் சபையும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் அது விதித்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 153ஆம், 154ஆம் உறுப்புரைகளும் அவ்வேலியையே பேணுகின்றன. அவருடைய சம்பளம் திரட்டு நிதியத்தின் மீது பொறுப்பிக்கப்பட்டுள்ளது; பதவிக் காலத்தில் அதனைக் குறைத்தல் ஆகாது. அறுபது வயதில் அவர் இளைப்பாற வேண்டும். அதற்கு முன்னர் அவரை நீக்குதற்கு நோய் காரணமாதல் வேண்டும், அல்லது பாராளுமன்றத்தின் வேண்டுகோள் சனாதிபதிக்குச் செல்லுதல் வேண்டும். அமைச்சர் ஒருவர் கோபித்தார் என்பதற்காக அவரை ஒரு மூலைக்கு மாற்ற இயலாது. அரசாங்க சேவையில் இருந்தவர்களுக்கு இது எத்துணைப் பெரிய கொடையென்று நாம் சொல்லத் தேவையில்லை.

எந்தப் புத்தகத்தையும் பத்திரத்தையும் அவர் கேட்டுப் பார்க்கலாம். எந்த உத்தியோகத்தரிடமும் விளக்கம் கோரலாம். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள்ளும், அவசியமென்று அவர் கருதும் எவ்வேளையிலும், பாராளுமன்றத்துக்கு அறிக்கை செய்யலாம். பிரதேச சபை முதலாகக் கூட்டுத்தாபனங்கள் ஈறாக எல்லாம் அவர் ஆய்வுக்கு உட்படும். 2015ஆம் ஆண்டின் பத்தொன்பதாந் திருத்தம், சனாதிபதியின் செயலாளர் அலுவலகத்தையும் பிரதமரின் செயலாளர் அலுவலகத்தையும், அரசாங்கம் பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் கம்பனிகளையும் பெயர் சொல்லியே அதனுட் சேர்த்தது.

சட்டம் இவ்வாறிருக்க, வேலை எவ்வாறு நடைபெறுகின்றது? இதனை எமது அநுபவங்கொண்டு சொல்லுதல் நன்று. நாம் இளவயதினராயிருந்த காலத்தில் ஒரு கந்தோருக்குக் கணக்காய்வுக்குப் போயிருந்தோம். கந்தோரின் பெயர் இங்கு வேண்டாம். அங்கிருந்த லொறி ஒன்று வீதிக்குக் கல் ஏற்றியதென்று அதன் நாளாந்த ஓட்டப் பதிவேட்டிலே செம்மையாக எழுதப்பட்டிருந்தது. எத்தனை மைல், எத்தனை கலன் எண்ணெய், யார் கையொப்பம், ஒன்றிலும் குறைவில்லை. புத்தகத்தைப் பார்த்தவர் எவரும் குறை சொல்லியிரார். ஆனால் வேறொரு கோவையில் அதே லொறியைத் திருத்தியதற்குரிய கராஜ் பற்றுச்சீட்டு இருந்தது. இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்தபோது, பதினொரு நாட்களாக அந்த லொறி இயந்திரம் கழற்றப்பட்டு கராஜிலே கிடந்தபடியே கல் சுமந்திருக்கின்றது! அந்தப் பதினொரு நாட்களின் எண்ணெயும் எங்கே போயிற்று? கல் எங்கே இறங்கிற்று?

இதனைக் கண்டுபிடித்தற்குப் பேரறிவு வேண்டியதில்லை. இரண்டு புத்தகங்களை ஒரே மேசையில் வைக்கும் உரிமையும், அன்று மத்தியானம் அந்தக் கந்தோரார் அன்போடு கொடுத்த சாப்பாட்டை ஏற்காமல் எமது சோற்றுப் பொதியை அவிழ்த்து உண்ணும் மனமுமே வேண்டியிருந்தன. இரண்டாவது சற்றுக் கடினமானது. அவர்கள் மீன்குழம்பு நல்ல வாசனையாயிருந்தது.

கண்டதை உடனே குற்றமென்று எழுதிவிடுதல் முறையன்று. முதலில் 'ஐயவினா' ஒன்று எழுதப்படும். "இவ்விரு பதிவுகளும் முரண்படுகின்றன; விளக்கந் தருக" என்பதே அதன் நடை. பதில் பொருத்தமாயின் விடயம் அங்கேயே முடியும். முடிந்தவை மிகப் பல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மறதியும் சோம்பலும் செய்த பிழைகளே களவு செய்த பிழைகளிலும் பெருந்தொகையானவை. பதில் பொருந்தாவிடில் அது அறிக்கையில் ஏறும். அறிக்கையின் முடிபும் ஒரே வகையினதன்று. கணக்கு உண்மை நிலையைக் காட்டுகின்றது எனலாம்; சில விடயங்கள் நீங்கலாகக் காட்டுகின்றது எனலாம்; காட்டவில்லை எனலாம்; அபிப்பிராயம் சொல்லுதற்குப் போதிய சான்றே தரப்படவில்லை எனவுங் கூறலாம். இறுதியானது மிகவும் பொல்லாதது. புத்தகத்தையே காட்டாதவனைப் பற்றி வேறு என்ன சொல்வது?

அறிக்கை பாராளுமன்றத்துக்குச் சென்றபின், திணைக்களங்களின் விடயங்களை அரசாங்கக் கணக்குக் குழுவும், கூட்டுத்தாபனங்களின் விடயங்களை 1979இல் அமைந்த அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவும் விசாரிக்கும். பத்திரிகைகளில் 'கோப் குழு' என்று வாசகர் அறிந்தது இதனையே. செயலாளர்களும் தலைவர்களும் அங்கு வந்திருந்து விடை சொல்வர். கணக்காய்வாளர் தலைமை அதிபதி பக்கத்தில் அமர்ந்து, எந்த வினாவை எந்தப் பக்கத்திலிருந்து கேட்கவேண்டும் என்று உறுப்பினருக்கு எடுத்துக் காட்டுவார்.

இம்முறை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று போதும். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் தேதி மத்திய வங்கி முப்பதாண்டுத் திறைசேரி முறிகளை ஏலத்தில் விற்றது. அறிவித்த தொகை 100 கோடி ரூபா. ஏற்றுக்கொள்ளப்பட்டதோ ஏறத்தாழ 1000 கோடி ரூபா. அதிக வட்டிக்கு அதிகமாகக் கடன் வாங்கினால் அதனை இறுப்போர் குடிமக்கள். இதனைப்பற்றி நாட்டிலே எழுந்த சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் சத்தம் கணக்காகாது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி பத்திரங்களை வருவித்து ஆராய்ந்து 2016ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கோப் குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அக்குழு அவ்வாண்டு ஒக்டோபரிலே தன் அறிக்கையைப் பாராளுமன்றத்தில் வைத்தது. 2017 சனவரியில் சனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கட்சி பேசுவோர் இதனைத் தத்தமக்கு ஏற்றவாறு பேசுவர். அது அவர் தொழில். எமக்கு அதில் முக்கியமாகப் பட்டது, ஆண்டுக்கணக்காய்ப் பேச்சாயிருந்த ஒன்று ஒருவருடைய கையெழுத்தின் கீழ் எண்களாக மாறிய அந்தப் பொழுதே.

இப்படிப்பட்ட பதவி வேண்டுமென்று வெள்ளையர் வந்துதான் எமக்குக் கற்பிக்க வேண்டியிருந்ததா என்று சைவ வாலிபர் சிலர் கேட்பர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைக்கு ஆகாதவரென விலக்கின. உறவினரையும் சேர்த்து விலக்கிய அவ்விதியை இன்று கொண்டுவந்தால் சபைகளில் எத்தனை பேர் எஞ்சுவர் என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுக் கொள்க. ஆயினும் அங்கே கணக்குக் கேட்டவர் ஊர்ச் சபையினரே. தனியாய் நின்று ஆராயும் ஓர் அதிகாரி பிற்காலத்து அமைப்பு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி, இப்பதவியின் குறையையும் மறைக்கக் கூடாது. நெடுங்காலமாக அவர் எழுதலாமேயன்றித் தண்டிக்கலாகாது. ஒரே நட்டத்தைப் பத்தாண்டு தொடர்ந்து எழுதியும் ஒருவரும் அசையாத அறிக்கைகளை நாம் கண்டிருக்கின்றோம். பழைய பக்கத்தைப் பார்த்து ஆண்டை மாத்திரம் மாற்றி எழுதும்போது கை கூசும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இதற்கு ஒரு மருந்து கொணர்ந்தது. சட்டத்துக்கு மாறாகச் செய்த காரியத்தால் நட்டம் விளைந்தால், அதனை விளைத்தவரிடமே அறவிடும் அதிகாரம் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்தற்கும் வழி வைத்தார்கள். பணம் சரியாகச் செலவாயிற்றா என்பதோடு நில்லாது, சிக்கனமாயும் பயன் விளையவும் செலவாயிற்றா என்று பார்த்தலும் அச்சட்டத்திற் கடமையாயிற்று. கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பற்றுச்சீட்டு இருந்தாற் போதாது, உள்ளே நோயாளர் இருக்கின்றார்களா என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் அவ்வாணைக்குழுவின் கதை ஒழுங்காய் ஓடவில்லை. 2015இற் பத்தொன்பதாந் திருத்தம் அதனைப் படைத்தது. 2020இல் இருபதாந் திருத்தம் அதனை ஒழித்தது. 2022இல் இருபத்தோராந் திருத்தம் மீண்டும் அமைத்தது. ஏழாண்டுக்குள் ஒரு வேலியை நாட்டி, பிடுங்கி, திரும்பவும் நாட்டினால் கதியால் வேர்விடுமா? தலைமை அதிபதி தகைமைபெற்ற கணக்காய்வாளராயிருத்தல் வேண்டும், அரசியலமைப்புப் பேரவையின் சம்மதத்தோடேயே சனாதிபதி அவரை நியமித்தல் வேண்டும் என்பன இன்றைய விதிகள். நல்ல விதிகளே. பேரவையும் சனாதிபதியும் ஒரு பெயரில் உடன்படாவிட்டால் நாற்காலி வெறுமையாயிருக்கும் என்பதும் அவ்விதிகளின் மறுபக்கம். அவ்வெறுமையான நாட்களிலும் ஐயவினாக்கள் எழுதப்பட்டன. அலுவலகத்தார் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் அறிக்கையின் அடியில் இடவேண்டிய கையொப்பம் அரசியலமைப்பு ஒருவருக்கு மாத்திரமே கொடுத்த கையொப்பம். அதனை மேசையிலுள்ள மற்றோர் எல்லாரும் சேர்ந்தும் இட இயலாது. வணிகப் பிரிவு மாணவருக்கு நாம் அன்று சொல்லாது விட்டது இதுவே.

"அப்படியாயின் உங்களை ஆய்வது யார்?" என்று அவர் கேளாமல் விடார். தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் கணக்கை ஆய்தற்குப் பாராளுமன்றமே ஒரு தகைமைபெற்ற கணக்காய்வாளரை நியமிக்கின்றது. எமது சோற்றுப் பொதிக்குப் படி எடுத்தோமா என்பதும் அங்கே தெரிந்துவிடும்.

இக்கட்டுரையை முடிக்குந் தறுவாயில், யூபிலி விழா நிதியின் கணக்கைப் பார்த்துத் தரும்படி பொருளாளர் ஒரு பிஸ்கற் பேணி நிறையப் பற்றுச்சீட்டுக்களைக் கொணர்ந்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு மூன்று ஐயவினாக்கள் அனுப்பியுள்ளோம். இரண்டுக்கு மறுமொழி வந்திருக்கின்றது. பந்தற்காரருக்குக் கொடுத்த முற்பணத்தைப் பற்றிய மூன்றாவதை இன்னும் எதிர்பார்த்திருக்கின்றோம்.