பக்கத் தகட்டின் திருகுகள் ஏன் தளர்கின்றன?

எந்த இணைப்புக்கும் பொதுவான திருகுத் தளர்ச்சி என்னும் சிக்கல், சிறு டிராக்டரின் எஞ்சினை மூடும் பக்கத் தகட்டில் இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்றுகள் சுழலும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினில் நொடிக்கு 60 முறை எரிபொருள் பற்றுவதால், தகடு ஓயாமல் அதிர்கிறது.

இறுக்கப்பட்ட போல்ட் நுண்ணளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயலும் விசையால்தான், அதாவது முன்னிறுக்கத்தால்தான், தகட்டைப் பற்றுகிறது. குறுக்குவாட்டு அசைவு மரைகளை வழுக்கச் செய்து அப்பிடிப்பைத் தானே அவிழ்க்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனையால் நிறுவினார். மெல்லிய தகட்டைப் பிடிக்கும் போல்டில் நீளக்கூடிய பகுதியே மிகக் குறைவு என்பதால், பெயின்ட் சற்றுத் தேய்ந்தாலும் முன்னிறுக்கம் பெருமளவு போய்விடுகிறது. இதுவே காரணங்களுள் முதன்மையானது.

ஆகவே மேலும் முறுக்குவது தகட்டை நசுக்குமேயன்றித் தீர்வாகாது. எஞ்சின் ஆறியபின், அதே விட்டமும் மரை இடைவெளியும் கொண்ட போல்ட்டையும் (எம்6 எனில் வழக்கமாக 1 மி.மீ.) புதிய ரப்பர் புஷ்ஷையும் பொருத்தி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் சில சுற்றுகள் ஏற்றிய பிறகே ஸ்பேனரால் இறுக்குதல் வேண்டும். நைலான் வளைய நட்டு தளர்ச்சியைத் தடுக்குமெனினும், சூட்டில் நைலான் இளகுவதால், சைலன்சரை ஒட்டிய இடத்துக்கு முழு உலோகப் பூட்டு நட்டே பொருந்தும்.